முகமூடியைக் கழற்றிய பேயாட்டக்காரர்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு மண்டபத்தில் ஜப்பானியர்கள் தங்கள் கிராமத் திருவிழாவை நடத்தினார்கள். பக்கத்து வீட்டு ஜப்பானியப் பெண் அழைத்ததால் மனைவியுடன் போயிருந்தேன். அங்கேதான் பேயாட்டம் ஆட வந்த அவரைக் கண்டேன். அறுபது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, நரைத்த புருவம். கொம்பு வைத்த சிவப்புப் பேய் முகமூடியைக் கையில் எடுத்து, முதலில் அதற்குத் தலைவணங்கினார். பிறகுதான் அணிந்தார்.

மேளம் அதிர, ஆடிக்கொண்டே சனங்களுக்குள் இறங்கி வந்தவர் என் முன்னால் நின்று மெல்லத் தலையாட்டினார்.

உள்ளே இருப்பது யார் என்று முகமூடியின் கண் துளைகளை உற்றுப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு சுற்றிவளைப்பின்போது, முகம் மூடிய ஒருவன் இப்படித் தலையாட்டித்தான் என் அண்ணாவை ஆமிக்காரரிடம் காட்டிக்கொடுத்தான். அண்ணா திரும்பி வரவேயில்லை.

"என்னப்பா, ஏன் இப்பிடிப் பயந்து பாக்கிறியள்?" மனைவி என் கையைப் பிடித்தாள்.

அவர் ஆட்டத்தை நிறுத்தி, முழந்தாளிட்டு, முகமூடியைக் கழற்றினார். மேளமும் நின்றது. உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்:

"ஆட்டம் முடியுமுன் இதைக் கழற்றக் கூடாது. ஆனால் நீங்கள் உள்ளே இருக்கும் முகத்தைத் தேடினீர்கள்."

முகமூடியை இரு கைகளிலும் ஏந்தியபடி கேட்டார்:

"மீதியை ஆடட்டுமா?"

"ஓம், ஆடுங்கோ," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

என்னைப் பார்த்தபடியே மெதுவாக முகமூடியை மாட்டினார். ஆட்டம் முடியும்வரை நான் எழுந்து போகவில்லை. அன்று அந்த மண்டபத்தில் பயந்தவர்கள் பலர். என்னுடையது வேறு பயம் என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.