நான்கு மூலைச் சத்தம்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஒரு தடவை கை தட்டித் தலையைச் சாய்த்துக் கேட்பார் சவுண்டுக்காரர். மருத்துவர் அறையானாலும் சரி, சம்பந்தி வீட்டுக் கூடமானாலும் சரி. ஒருமுறை வங்கியில் தட்டிவிட்டார். காவலாளி எழுந்து வந்தார். "ஒண்ணுமில்ல தம்பி, இடம் எவ்வளவு பெருசுன்னு பாத்தேன்." காவலாளிக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

வாலிபம் முதல் ஒரே திரையரங்கில் ஒலிப்பெட்டிகளைக் கட்டி மேய்த்தவர். அரங்கை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கியபோது நான்கு பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்தார். இப்போது அவை வீட்டுக் கூடத்தின் நான்கு மூலைகளில் நிற்கின்றன. துணி உலர்த்தத்தான் இடமில்லை.

மனைவிக்குச் சர்க்கரையால் பார்வை போயிற்று. அதன் பிறகு நாற்காலியே கதி. புண் வராமல் துடைத்துவிடுவது, கால் நகம் வெட்டுவது எல்லாம் இவரே செய்தார். அவரை நடக்க வைக்க மட்டும் முடியவில்லை. கெஞ்சினார், அதட்டினார். பராமரிப்புக்கு வந்துபோகும் பெண்மணி இவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "இப்படியே உக்கார வச்சீங்கன்னா காலு மடங்கிப்போயிடும் சார்."

அன்றுதான் சவுண்டுக்காரர் அந்தப் பழைய இசையைத் தேடி எடுத்தார். திரை உயரும்வரை அரங்கில் ஓடிக்கொண்டிருந்த சின்ன மெட்டு. முடிந்த இடம் தெரியாமல் மறுபடி தொடங்கும். "பாட்டு முடிஞ்சா ஜனங்க வாட்ச்சப் பாக்கும். முடியாம சுத்திக்கிட்டே இருந்தா சாஞ்சு உக்காந்துக்கும்" என்பார். மனைவி கல்யாணத்துக்கு முன்பு அக்காவோடு வந்து, கடைசி வரிசை ஓர இருக்கையில் அந்த மெட்டைக் கேட்டவர்தான்.

நான்கு மூலையிலிருந்தும் இசை எழுந்ததும் அவர் முகம் நிமிர்ந்தது. "என்னங்க, இன்னும் திரையத் தூக்கலையா?" தானாகவே எழுந்தார். முன்னாலும் பின்னாலும் கேட்ட இசையில் அவருக்குச் சுவர்கள் விலகிப் போயிருக்க வேண்டும். அகன்ற நடைபாதையில் போவதுபோல வீசி நடந்தவர், பீரோவில் போய் மோதினார். நெற்றி புடைத்துக்கொண்டது.

"சத்தம் பொய் சொல்லாதுங்க" என்று ஊரெல்லாம் சொன்னவர், ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி மனைவியின் நெற்றியில் ஒத்தினார்.

மகள் வந்து பார்த்தாள். "அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள அம்மா ஒழுங்கா நடக்கலேன்னா நான் கூட்டிட்டுப் போயிடுவேன். உங்களையும் உங்க பெட்டிங்களையும் வைக்க எங்க வீட்ல இடமில்லப்பா."

மறுநாள் மூன்று பெட்டிகளை அணைத்தார். குளியலறைக் கதவோரம் இருந்தது மட்டும் பாடிற்று. கை தட்டிப் பார்த்தார். கூடம் கூடமாகவே இருந்தது.

"எங்க கேக்குது?"

"அங்க."

"அங்கன்னா?"

"பாத்ரூம் பக்கம். அதுகூடத் தெரியாதா எனக்கு?"

சுவரைத் தடவி, காலைத் தேய்த்து, மெதுவாகப் போனார். இவர் தொடாமல், இரு கைகளையும் விரித்தபடி பின்னாலேயே போனார். ஞாயிறன்று மகள் பெரிய பையோடு வந்தாள். அம்மா தனியாகப் போய்த் தனியாகத் திரும்பி வந்ததைப் பார்த்தாள். வெறும் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் போன பிறகு மனைவி கேட்டார்: "சினிமா ஹால இடிச்சிட்டாங்களா?"

"அதான் எப்பவோ இடிச்சிட்டாங்களே."

"அது தெரியும். இங்க இருந்தத கேக்குறேன்."

இப்போது வீட்டில் ஒரு நடைமுறை உண்டு. நடக்கும்போது ஒரு பெட்டிதான். மனைவி உட்கார்ந்து, நன்றாகச் சாய்ந்து, நாற்காலிக் கையைத் தட்டிய பிறகே இவர் மற்ற மூன்றையும் போடுவார். மெட்டு சுற்றத் தொடங்கும். இவருடைய நாற்காலி அந்தப் பக்கம். மனைவியைத் தாண்டித்தான் போக வேண்டும். இடம் தாராளமாகவே இருக்கிறது. ஆனாலும் காலடி கேட்டதும் மனைவி முழங்கால்களை ஒடுக்கி ஒரு பக்கமாகத் திருப்பி வழிவிடுகிறார். சவுண்டுக்காரரும் வயிற்றை எக்கி, பக்கவாட்டில் நகர்ந்து, முழங்காலில் இடிக்காமல் தன் இருக்கைக்குப் போகிறார்.