தங்கச்சியின் ஞானஸ்நானத் தண்ணீர்

போன மாதம் அப்பாவைக் கல்லறைத் தோட்டத்துக்குள் அடக்கினோம். என் தங்கச்சி மதிலுக்கு வெளியே கிடக்கிறாள். அழவேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது.

எங்கள் கடற்கரையில் ஒரு கறுத்த தாதுமணல் மேடு இருந்தது. மேலே தாழங்காடு. அடியில் கையால் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். மணல் கம்பெனிக்காரர்கள் தாழையை வெட்டி, மேட்டைக் கூடை கூடையாக அள்ளிப் போனார்கள். கூலிக்குச் சுமந்தவர்களில் அப்பாவும் ஒருவர். ஒரே வருடத்தில் கடல்நீர் ஏறி ஊற்று உப்பாகிவிட்டது. குடிக்கிற தண்ணீருக்கு ஒரு மைல் நடந்து வயல்கரைக் கிணற்றுக்குப் போனோம்.

எனக்கு ஒன்பது வயதில் தங்கச்சி பிறந்தாள். அன்று மதியமே நீலம் பாரித்துவிட்டாள். சாமியார் பக்கத்து ஊருக்குப் பூசைக்குப் போயிருந்தார். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யாரும் தலையில் தண்ணீர் ஊற்றி, செபம் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கலாம். அப்பாவின் அக்காவான மாமிக்கு அது தெரியும். ஆனால் வீட்டில் சட்டி கழுவ வைத்திருந்த ஊற்றுத் தண்ணீர்தான் இருந்தது.

"அதையாவது ஊத்துங்க மைனி," என்றாள் அம்மா, பாயில் கிடந்தபடி.

"ஒனக்குக் கிறுக்கா? கஞ்சிக்கே ஆவாத உப்புத்தண்ணி ஆண்டவருக்கு ஆவுமா? ஏட்டி, ஓடு! நல்ல தண்ணி கொண்டா. பராக்குப் பாத்துட்டு நின்னா கால ஒடிச்சிருவேன்!" மாமி செம்பை என் கையில் திணித்தாள்.

ஓடினேன். கிணற்றடியில் ஒருத்தி மறித்தாள். "ஒனக்கு மட்டும் கொம்பா மொளச்சிருக்கு? வரிசையில பொறத்த நில்லு!" பிள்ளை சாகிறது என்று கத்திய பிறகுதான் வழி விட்டார்கள்.

திரும்பி வந்தபோது பாதித் தண்ணீர் சிந்தியிருந்தது. மாமி தங்கச்சியின் முகத்தைத் துணியால் மூடியிருந்தாள்.

சாயங்காலம் வந்த சாமியார், ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் இடமில்லை என்றார். அம்மா நடந்ததைச் சொன்னாள்.

"அந்தத் தண்ணியே போதுமே. கடல் தண்ணிகூட ஆகும்," என்றார், வெகு சாதாரணமாக.

அதை ஒரு பிரசங்கத்திலாவது சொல்லியிருக்கலாமே! ஞாயிற்றுக்கிழமை வலை போடக்கூடாது என்று மட்டும் வாரம் தவறாமல் சொன்னாரே!

மறுநாள் விடிந்ததும் அப்பா மிச்ச மேட்டை அள்ளக் கூடையோடு கிளம்பினார். அந்த முதுகைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. கட்டுமரம் இறக்க முடியாமல் கடல் கொந்தளித்த அந்த மாதங்களில் எங்களுக்குக் கஞ்சி எங்கிருந்து வந்தது என்று அன்று எனக்குத் தெரியாது. இன்று தெரியும். தெரிந்தும் ஆறவில்லை.