மாநாட்டில் கட்டிய கயிறு

ஆசிரியர்களுக்கான பன்முகத்தன்மை மாநாடு தச்சநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஆழ்வார்குறிச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து நானும், எங்கள் அறிவியல் டீச்சரும் தொண்டு செய்யப் போயிருந்தோம். தொண்டு என்றால் மனமுவந்து செய்வதாம். எங்கள் தலைமையாசிரியர் அதை உத்தரவாகவே போட்டுவிட்டார்.

எனக்குப் போக இஷ்டமில்லை. அவளுக்கு இருந்தது. சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகளை, அடிக்காமல் திட்டாமல், பேசிப் பேசியே கழற்ற வைத்தவள் அவள். அதைப் பற்றி மதியம் மேடையில் பேச அவளுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அவள் முதல்முதலாக ஏறப்போகிற மேடை. பஸ்ஸில் வழியெல்லாம் உதட்டை அசைத்துப் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மண்டபத்து வாசலில், சென்னையிலிருந்து வந்திருந்த அமைப்பாளர் தொண்டர்களுக்குக் கயிறு கொடுத்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டுமாம். வரவேற்புக்கு ஒரு நிறம், மேடைக்கு ஒரு நிறம், பரிமாற ஒரு நிறம், எச்சில் இலை எடுக்க ஒரு நிறம். திருநெல்வேலிக்கு வந்து, அதுவும் வாத்தியார்கள் கையில், கலர் கலராகக் கயிறு! சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

"சார், இந்த ஊர்ல இது வேண்டாம். ஒவ்வொரு கலருக்கும் இங்கன ஒரு சாதி இருக்கு" என்றேன்.

"அப்படியெல்லாம் பாக்காதீங்க மேடம். கலர்ஃபுல்லா இருந்தாத்தானே பன்முகத்தன்மை" என்றார். பல் தெரியச் சிரிக்க வேறு செய்தார்.

அவரையாவது விவரம் கெட்ட மனுஷன் என்று விட்டுவிடலாம். நம்மூர் வாத்தியார்களை என்ன சொல்ல? தினமும் காலையில் பள்ளி வாசலில் நின்று, எந்தப் பிள்ளை கையில் கயிறு இருக்கிறது என்று பார்க்கிறவர்கள். ஊருக்குத்தான் உபதேசம். ஒருவராவது கயிறே வேண்டாம் என்று சொன்னாரா? பேட்டையிலிருந்து வந்த ஒரு தமிழாசிரியர், பக்கத்தில் நின்றவர் காதில், "எனக்கு இந்தக் கலர் சரிப்படாது வே. நம்ம ஆளுவ பாத்தா என்ன நினைப்பானுவ? உம்மத இங்க தாரும்" என்றார். அவரும் சந்தோஷமாகக் கொடுத்தார். பிறகு அங்கே மாட்டுச் சந்தைதான். கயிறு மாறியதோடு வேலையும் மாறியது. சற்று நேரத்தில் வரவேற்பில் ஒரு சாதி, மேடையில் ஒரு சாதி, பரிமாற ஒரு சாதி என்று அவரவர் ஆட்களோடு அவரவர் சேர்ந்துவிட்டார்கள்.

யாரும் தொடாமல் மேஜையில் கிடந்தது இலை எடுக்கிறவர்களுக்கான கயிறு. அதன் நிறம் எந்தச் சாதிக்கு என்று ஊருக்கே தெரியும். அது அறிவியல் டீச்சரின் சாதி. பேட்டைக்காரர்தான் அதை எடுத்து அவளிடம் நீட்டினார். தாராள மனசு.

"வேலையச் செய்யுதேன் சார். கயிறு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவள் பந்திப் பக்கம் போனாள். நானும் கயிறு கட்டாமலே போனேன். புண்ணியத்துக்காக இல்லை. அந்த முகங்களோடு நிற்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

காலையெல்லாம் சமத்துவம் பேசியவர்கள் மூன்று கூட்டும் பாயசமுமாகச் சாப்பிட்டார்கள். அவள் குனிந்து இலை எடுத்தபோது நிமிர்ந்து பார்த்தவர் ஒருவருமில்லை. எடுத்து முடிப்பதற்குள் மேடையில் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டே ஏறினாள். மைக்கைப் பிடித்து, முன்வரிசையில் இருந்தவர்கள் மணிக்கட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எல்லாரும் கையில இருக்கிற கயிறைக் கழட்டிருங்க. பெறவு பேசுதேன்" என்றாள்.

ஒரு கையும் அசையவில்லை. அமைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். முன்வரிசையிலிருந்து பேட்டைக்காரர் எழுந்து, "இது சும்மா ஒரு அடையாளத்துக்குத்தான டீச்சர். இதுல என்ன இருக்கு?" என்றார். பின்னாலிருந்து சிலர் ஆமாம் போட்டார்கள்.

"எங்க எட்டாங்கிளாஸ் பயலுவளும் இதேதான் சார் சொல்லுதானுவ" என்றாள் அவள். "ஆனா சொன்னா கழட்டிருதானுவ."

மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டாள்.