வாசலில் தொங்கிய கற்றாழை

சோற்றுக் கற்றாழையின் மடலை அடியில் கிள்ளினால் மஞ்சளாக ஒரு பால் கசியும். கையை எத்தனை முறை மண் போட்டுத் தேய்த்தாலும் அதன் கசப்பு மறுநாள் களி உருண்டையில் வந்து நிற்கும். என் எட்டாம் வயதில் ஒரு மழைக்காலம் முழுவதும் அந்தக் கசப்போடுதான் சாப்பிட்டேன்.

கொல்லிமலைக்கு ரோடு வராத, வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. எங்கள் வீடு தேவனூர் நாட்டில். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. எனக்குப் பின் பிறந்த தம்பி பொன்னன் எட்டு மாதத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். அவனைச் சாமைக் காட்டின் ஓரத்தில் புதைத்து, கல் அடுக்கி, மேலே ஒரு கற்றாழையை நட்டிருந்தார்கள். இரண்டு வருடத்தில் அது சுற்றிலும் "குட்டி" போட்டுப் புதராகிவிட்டது.

அம்மா மறுபடி முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாதத்தில் வாசல் நிலையில் ஒரு கற்றாழையைத் தலைகீழாகக் கட்டுவது எங்கள் வழக்கம். அதைப் பிள்ளைகள் நிறைந்த வீட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். அப்போதுதான் வயிற்றில் இருப்பது தங்கும் என்பார்கள். அப்பாவின் அக்கா என்னை மேட்டிலிருந்த "மேலூட்டு"க்கு அனுப்பினாள். அங்கே ஆறு பிள்ளைகள். கூடவே, என்னைக் கண்டாலே பாயும் ஒரு நாய். மூடுபனிக்குள் பாதி வழி ஏறியவள் அதன் குரைப்பைக் கேட்டதும் திரும்பிவிட்டேன். தம்பியைப் புதைத்த காட்டோரப் புதரில் கொழுத்த குட்டி ஒன்றைத் தாய்ச்செடியிலிருந்து வேரோடு பிடுங்கி வந்து, மேலூட்டில் கொடுத்தார்கள் என்று கூசாமல் சொன்னேன். செடி செடிதானே என்று நினைத்த புத்திசாலி நான்.

அத்தை அதைக் "காயம் ஆறட்டும்" என்று மூன்று நாள் நிழலில் போட்டுவைத்துப் பிறகு கட்டினாள். மண்ணும் தண்ணீரும் இல்லாமலே அது பச்சையாக இருந்தது. அதில் அதிசயமில்லை, கற்றாழை அப்படித்தான். தலைகீழாகக் கட்டினால் நுனி வளைந்து வெளிச்சத்தைப் பார்த்து நிமிர்வதும் வழக்கம்தான். இது மட்டும் இருட்டைப் பார்த்து வளைந்தது. நாளுக்கு நாள் வீட்டுக்குள்ளே, அம்மா படுத்திருந்த மூலைப் பக்கம் திரும்பியது. கயிறு முறுக்கிக்கொண்டது என்று சொல்லி அத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிக் கட்டினாள். மறுநாள் காலையில் அது பழையபடி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.

களியில் அந்தக் கசப்பு போகவே இல்லை. பிறக்கப்போகும் பிள்ளையை நானே கொல்லப்போகிறேன் என்று நிச்சயமாக நம்பினேன். அத்தை கிழங்கு தோண்டப் போயிருந்த ஒரு மத்தியானம், அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி, அதை அறுத்து எறிந்துவிடலாம் என்று அழுதேன். அம்மா அடிப்பாள் என்று பார்த்தேன். அவள் எழுந்துபோய் அந்த மடலைத் தடவிக்கொடுத்தாள்.

"எடுக்காத கண்ணு. அவன் ஊட்டுக்கு வந்திருக்கான்" என்றாள். "அத்தைகிட்டச் சொல்லிப்போடாத."

தை மாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. நன்றாக அழுதான், நன்றாகக் குடித்தான். அன்று காலை வாசலில் தொங்கிய செடி சருகாகியிருந்தது. அம்மா அவனுக்கும் பொன்னன் என்றே பெயர் வைத்தாள்.

அவள் அவனை எப்போதும் இரண்டு தடவை கூப்பிடுவாள். நடுவில் கொஞ்சம் நிறுத்துவாள். அவன் இரண்டாவதற்குத்தான் எழுந்து வருவான். நாலு வயதில் ஒருநாள், காது செவிடாடா என்று கேட்டேன்.

"மொதல்ல கூப்புட்டது என்னையில்லக்கா" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான். அவனுக்கு முன்னால் ஒரு பொன்னன் இருந்ததை யாரும் அவனிடம் சொன்னதில்லை.

அம்மா போய் வெகுகாலம் ஆகிறது. அந்தக் காட்டோரத்தில் இப்போது தார் ரோடு. சுற்றுலாக் கார்கள் அதன்மேல் போகின்றன. கற்றாழையை முகத்துக்குப் பூசுவதற்கென்று பிளாஸ்டிக் தொட்டியில் வளர்க்கிறார்கள். நிலையில் கட்டுகிறவர் யாருமில்லை. தம்பிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அவன் வீட்டுக்குப் போனால் நானும் வாசலில் நின்று இரண்டு தடவைதான் கூப்பிடுகிறேன். முதல் தடவை கூப்பிட்டதும், வழியை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கி நிற்பேன்.