ஒரு கோடு குறைந்த தோட்டா

காலை மணி பத்து நாற்பது. மின்னஞ்சலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் நாங்கள் அனுப்பிய டி-ஷர்ட்டில் அச்சாகியிருந்த தோட்டாவின் அடிப்பகுதி. பக்கத்தில் இன்னொரு படம். அது போன வருடத்து டி-ஷர்ட். அதிலும் அதே இடத்தில் ஒரு வட்டம்.

முதலில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இந்தத் தொழிலுக்கு வருமுன் சில ஆண்டுகள் நாளிதழில் பிழை திருத்தியவன் நான். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு கோடாக மேலிருந்து கீழே பார்த்து வந்தேன். போன வருடத்துத் தோட்டாவின் அடியில் இரண்டு கோடுகள் நெருக்கமாக ஓடின. இந்த வருடம் ஒன்றுதான் இருந்தது.

படங்களுக்குக் கீழே, சரக்கு வாங்கும் பையர் ஒரே வரி எழுதியிருந்தார். இது எங்கள் தோட்டா இல்லை.

லிப்ஸ்டிக்

நான் அப்போது திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில், ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு போகும்வரை பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர். இந்தப் பையர் வெளிநாட்டில் வேட்டைச் சாமான் கடைகள் வைத்திருப்பவர். மற்ற பையர்கள் சீசனுக்கு ஒரு டிசைன் மாற்றுவார்கள். இவர் மாற்றவே மாட்டார். பாசிப்பச்சை டி-ஷர்ட், நெஞ்சில் நிமிர்ந்து நிற்கும் ஒரு தோட்டா, அதன் கீழே 375 என்ற எண். பித்தளை நிற உடம்பு, செம்பு நிற முனை. ஒவ்வொரு வருடமும் இதே ஆர்டர்தான்.

பிரிண்டிங் வேலை கந்தவேலுக்குப் போகும். முதலிபாளையம் தொழிற்பேட்டையில் இரண்டு நீள மேசைகள் போட்டு யூனிட் நடத்திவந்தார். அவருடைய மனைவி தங்கமணி அங்கேயே அச்சு வலையான ஸ்க்ரீனைக் கழுவி, அச்சான துணி பீஸ்களை அடுக்குவார். அவர்களுக்கு வந்த வேலையில் பெரும்பகுதி எங்கள் நிறுவனத்துடையது.

திருப்பூரில் எந்த டிசைனுக்கும் மேசையில் ஒரு பெயர் விழுந்துவிடும். டிசைன் எண்ணைச் சொன்னால் யாருக்கும் புரியாது. வாத்து, பூசணி, மொட்டைத் தலை என்றால் எல்லோருக்கும் புரியும். இந்தத் தோட்டாவுக்கு விழுந்த பெயர் லிப்ஸ்டிக். பார்க்க அப்படித்தான் இருக்கும். எங்கள் ஆபீஸிலும் அதுதான் பெயர்.

செக்கிங்கில் சரஸ்வதி என்று ஒருவர் இருந்தார். மலையடிவாரத்து அமராவதி நகர் பக்கத்துக்காரர். இது யானையைச் சுடும் தோட்டா என்று ஒருமுறை சொன்னேன்.

"எங்கூருல ஆனை தோட்டத்துக்குள்ள வந்தா வெடி போடுவமுங்க. இவிய சட்டை போடறாங்களா?" என்றார். செக்கிங் மேசையே சிரித்தது.

அந்த வருடம் பழைய ஸ்க்ரீன் கிழிந்துவிட்டது. கந்தவேல் புதிய ஃபிலிம் எடுத்து ஸ்க்ரீன் போட்டார். துணியும் அந்த வருடம் சற்று சொரசொரப்பு. சாயப் பேஸ்ட் பரவி, நெருக்கமான இரண்டு கோடுகளும் ஒட்டித் திட்டாக வந்தன. ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் இருக்கும் யாரும் செய்வதை அவரும் செய்தார். ஒரு கோட்டை எடுத்துவிட்டார். இலை நரம்பு, பூனை மீசை என்று எத்தனையோ டிசைன்களில் இப்படிக் குறைத்திருக்கிறார். ஒரு பையரும் கேட்டதில்லை. இதுவோ ரிப்பீட் ஆர்டர். பழைய அப்ரூவலே போதும் என்பது ஊர் வழக்கம். புதிய சாம்பிள் யாருக்கும் போகவில்லை.

பிரிண்ட் முன்னைவிடப் பளிச்சென்று வந்தது. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த பெண் பாராட்டிவிட்டுப் போனார். பாதிச் சரக்கு கப்பலில் போய்ச் சேர்ந்தது. மீதி எங்கள் குடோனில் இருந்தது. அந்த நிலையில்தான் சிவப்பு வட்டம் வந்தது.

பையர் காட்டியது

மறுநாள் வீடியோ காலில் பையர் வந்தார். வயதானவர். கோபப்படவில்லை. என் பக்கத்தில் கந்தவேல் உட்கார்ந்திருந்தார். பையர் மேசையிலிருந்து ஒரு வெற்றுத் தோட்டாவை எடுத்துக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

இந்தத் தோட்டா வந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. இதைவிட வேகமானவை வந்தன, பெரியவை வந்தன, பல போய்விட்டன. இது அப்படியே இருக்கிறது. உடம்பு நீளம், மேலே போகப் போக மெலியும். அதனால் துப்பாக்கிக்குள் எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். எதிரே மிருகம் ஓடி வரும்போது அது முக்கியம். மானுக்கும் இதுதான், யானைக்கும் இதுதான். தாத்தா வைத்திருந்த துப்பாக்கிக்குப் பேரன் இன்று கடையில் வாங்கும் தோட்டா பொருந்தும்.

பிறகு தோட்டாவைத் திருப்பி அடிப்பகுதியைக் காட்டினார். பித்தளையில் ஒரு பட்டை மேடாக ஓடியது. தோட்டா உள்ளே அளவு மீறிப் போகாமல் இந்தப் பட்டைதான் தடுத்து நிறுத்தும். உங்கள் இரண்டு கோடும் இந்தப் பட்டைதான் என்றார். பட்டை இல்லையென்றால் அது வேறு ஏதோ தோட்டா. இந்தச் சட்டையை வாங்குகிறவர்களில் பலர் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் பட்டை எங்கே இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கந்தவேல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சார், அவருகிட்ட ஒண்ணு கேளுங்க. குடோன்ல இருக்கறதுல அந்தக் கோட்டப் போட்டுக் குடுத்தா எடுத்துக்குவாருங்களா?"

கேட்டேன். சரியாக உட்கார்ந்தால் எடுத்துக்கொள்வேன், சில பீஸ் அனுப்புங்கள் என்றார் பையர்.

கோடு உட்காரவில்லை

பிரிண்டிங் வழக்கமாக வெட்டிய துணியில் நடக்கும். தைத்து, வாஷ் முடிந்த சட்டையில் இழை அளவுக்கு ஒரு கோட்டை உட்கார வைப்பது வேறு வேலை. கந்தவேல் அந்த ஒரு கோட்டுக்கு மட்டும் ஸ்க்ரீன் செய்தார். தங்கமணி ஒவ்வொரு சட்டையாகப் பலகையில் மாட்டி இழுத்துப் பிடித்தார். கந்தவேல் சாயம் வழிக்கும் ஸ்க்வீஜியை இழுத்தார்.

முதல் சட்டையில் கோடு சரியாக விழுந்தது.

"சார், உக்காந்துருச்சுங்க!" என்று கையை உயர்த்தினார்.

இரண்டாவதில் சாய்ந்தது. மூன்றாவதில் தோட்டாவின் உடம்பைத் தாண்டி வெளியே நீட்டியது. வாஷில் ஒவ்வொரு சட்டையும் ஒவ்வொரு விதமாக இழுத்திருந்தது. ஸ்க்ரீனை நகர்த்திப் பார்த்தார், சட்டையை நகர்த்திப் பார்த்தார். எப்போதாவது ஒன்று சரியாக வந்தது. கெட்டுப்போனவை மேசையடியில் குவிந்தன.

தங்கமணி என் பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு கோடுங்க சார். ஆரு போயி நெஞ்சுல குனிஞ்சு பாக்கப் போறாங்க? இப்படியே அனுப்பி உடுங்க."

கந்தவேல் ஸ்க்வீஜியைக் கீழே வைத்தார். "அவிய பாப்பாங்க, தங்கமணி. சாமி படத்துல வேலோட மொனை கோணலா இருந்தா நீ ஊட்டுல மாட்டுவியா?"

அவர் தலைக்கு மேலே சுவரில் முருகன் படம் இருந்தது. தங்கமணி அதைப் பார்க்கவில்லை. கையில் இருந்த சட்டையை மடித்து வைத்தார்.

"அனுப்ப வேண்டாமுங்க சார்," என்றார் கந்தவேல். "நல்லா வந்த நாலஞ்சப் பொறுக்கி அனுப்புனா, மிச்சமும் அப்படித்தான்னு நெனைப்பாரு. அது தப்புங்க."

நான் அனுப்பவில்லை. பையர் மீதியையும் ரத்து செய்தார்.

எங்கள் முதலாளியிடம் பேசிப் பார்த்தேன். ஊர் முழுக்கச் செய்வதைத்தான் கந்தவேலும் செய்தார், சாம்பிள் கேட்காதது நம் தப்பும்தான் என்றேன்.

"எல்லாம் சரிங்க. நாளைக்கு இன்னொரு கோடு போனா? இனி நம்ம துணி ஒரு பிட்டுகூட அங்க போகக் கூடாது," என்றார்.

விஷயம் தொழிற்பேட்டையில் பரவியது. வேறு இரண்டு கம்பெனிகளும் வேலை தருவதை நிறுத்தின. முதலில் ஒரு மேசை நின்றது. அதில் வேலை செய்தவர்கள் பக்கத்து யூனிட்டுகளுக்குப் போனார்கள். பிறகு அடுத்த மேசையும் நின்றது. பொங்கலுக்கு ஷட்டரை இறக்கிய கந்தவேல் மறுபடி ஏற்றவில்லை. குடோனில் இருந்த சரக்கு உள்ளூர்ச் சந்தையில் மிச்சத் துணியாக விற்பனைக்குப் போனது. கொஞ்ச காலம் நல்லூர் பஸ்ஸில் ஏறினால் யாராவது ஒருவர் நெஞ்சில் அந்தத் தோட்டா இருக்கும். பாசிப்பச்சை நல்ல நிறம், துணியும் கெட்டி.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது இரண்டு விஷயம். ரிப்பீட் ஆர்டருக்கும் புதிய சாம்பிள் அனுப்புங்கள். படத்தில் இருப்பது என்ன பொருள் என்று மேசையில் நிற்பவருக்கு ஒருமுறை சொல்லுங்கள்.

அடுத்த வருடம்

அடுத்த வருடமும் அந்த ஆர்டர் வந்தது. அதே பச்சை, அதே தோட்டா, அதே எண். பிரிண்டிங் இந்த முறை அதே தொழிற்பேட்டையில் ஒரு பெரிய யூனிட்டுக்குப் போனது. சாம்பிள் பார்க்க நான் போனேன். ஷிஃப்ட் தொடங்கியிருந்தது. நடு மேசையில் ஸ்க்வீஜி பிடித்து நின்றவர் கந்தவேல்.

"வாங்க சார்," என்றார். இழுத்து முடித்த பீஸை மேசையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "ரெண்டு கோடும் வருதுங்களான்னு பாருங்க."

பார்த்தேன்.

"வருதுங்க," என்றேன்.

அவர் அடுத்த பீஸுக்கு நகர்ந்தார். மேசைக்கு எதிரே, அன்றைய வேலைகளை எழுதிவைக்கும் பலகை இருந்தது. அதில் சாக்பீஸால் டிசைன் பெயர் எழுதியிருந்தது. லிப்ஸ்டிக்.