வெங்காயத்துக்கும் அழாத அப்பா

சென்னையில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது என் வகுப்புத் தோழி ஒருத்தி படம் எடுத்தாள். கிராமத்துப் பையன் பெருநகரக் கல்லூரிக்கு வந்து திருதிருவென்று விழிக்கும் நகைச்சுவைப் படம். கதாநாயகனாக என்னைக் கேட்டாள். ஏன் நான் என்றதற்கு, உனக்கு மேக்கப் தேவைப்படாது என்றாள். பாராட்டு என்று நினைத்துச் சம்மதித்துவிட்டேன்.

அவள் கல்பாக்கம் குடியிருப்பில் வளர்ந்தவள். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் அங்கிருந்து அரை மணி நேரம்தான். ஆனாலும் கிராமத்தைப் பற்றி அவள் தெரிந்துவைத்திருந்தது எல்லாம் சினிமாவில் பார்த்தது. வழியனுப்பும் காட்சி எடுக்க ஊருக்கு வந்தவள் என் சக்கரம் வைத்த பெட்டியைப் பார்த்து முகம் சுளித்தாள். தகரப்பெட்டிதான் வேண்டுமாம். அம்மா தவிடு கொட்டி வைத்திருந்த பெட்டியைக் காலி செய்து கொடுத்தாள். நடக்க நடக்க மிச்சத் தவிடு உதிர்ந்ததில், பேருந்து நிறுத்தம் வரை இரண்டு கோழிகள் எங்களோடு வந்தன.

நான் பேருந்தில் ஏறும்போது அப்பா தேம்பி அழ வேண்டும். அப்பாவாக நடிக்க என் அப்பாவே ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் எவ்வளவு கெஞ்சியும் அழுகை வரவில்லை. வெங்காயத்தை நறுக்கி அவர் மூக்கருகே பிடித்தார்கள். நான் அழுதேன், கேமராக்காரன் அழுதான், தோழி மூக்கைச் சிந்தினாள். அப்பா கோயம்பேட்டிலிருந்து இருபது வருடமாக டெம்போவில் வெங்காய மூட்டை ஏற்றி வருபவர். கண் சிமிட்டக்கூட இல்லை.

அதற்குள் பேருந்து வந்துவிட்டது. ஏறுவதுபோல் ஏறி நான் உடனே இறங்கிவிட வேண்டும் என்று பேச்சு. அப்பாவோ பழக்க தோஷத்தில் என்னை உள்ளே தள்ளிவிட்டு, "ரைட்" என்று பேருந்தைத் தட்டினார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே திரும்பினேன்.

அந்த நேரத்தில் இங்கே கேமரா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. தோழி கண்ணீரும் கம்பலையுமாக, "அங்கிள், பையன் போய்ட்டான். இப்பவாவது அழுங்க," என்றிருக்கிறாள்.

அப்பா பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்: "இன்னாத்துக்கும்மா அழணும்? சனிக்கெழம அழுக்குத் துணிய தூக்கினு வூட்டுக்குத்தான வரப்போறான்."

அதை அவள் அப்படியே படத்தில் வைத்துவிட்டாள்.

கல்லூரி அரங்கில் திரையிட்டபோது அப்பாவையும் அழைத்துப் போனேன். வணிக வளாகத்தில் நகரும் படிக்கட்டைக் கண்டு நான் தூணைக் கட்டிப்பிடிக்கும் காட்சிக்கு இரண்டு பேர் இருமினார்கள். அப்பா பேசியதும் அரங்கமே அதிர்ந்தது. மறுபடி போடச் சொல்லிக் கத்தினார்கள். நெசத்தத்தானே சொன்னேன், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அப்பா என் காதில் கேட்டார். படம் முடிந்ததும் அவரோடு செல்ஃபி எடுக்க வரிசை நின்றது. அந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் வேலை எனக்குக் கிடைத்தது.

செங்கல்பட்டு ரயிலில் திரும்பும்போது அப்பா சொன்னார்: "நல்லாத்தான் பண்ண. அந்தப் படிக்கட்டாண்டதான் கொஞ்சம் ஓவரா நடிச்சிட்ட."

அங்கே நான் நடிக்கவே இல்லை என்பதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.