நனைந்த வளைவில் ஒரு ‘மதி’

ஊரில் மழை வந்தால் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவீர்கள். இங்கே மழை வந்தால்தான் எங்களுக்கு வேலையே. மலையாள நாட்டில் இந்தக் கழக்கூட்டத்தில் வானம் கறுத்ததும் மற்ற ஆபீஸ்காரர்கள் குடையைத் தேடுவார்கள். நாங்கள் கார்ச் சாவியைத் தேடுவோம். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் புது கார் ஒன்று, ஈரச் சாலையில் எந்த வேகத்தில் பிடியை விடுகிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் பிழைப்பு. விளாத்திகுளத்துக் கரிசலில் பிறந்தவனுக்கு வாய்த்த உத்தியோகத்தைப் பாருங்கள்.

நான் இன்னும் ஒப்பந்த ஆள்தான். இந்தச் சோதனை ஒழுங்காக முடிந்தால் இங்கேயே நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். என் மகள் சண்டை போடுவதுகூட மலையாளத்தில்தான். அவளுக்காகவாவது இங்கே ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று கிடந்தேன்.

வித்துராவுக்கு மேலே மலையில் ஒரு எஸ்டேட்டின் தனிச் சாலையை வாடகைக்கு எடுத்து, இரண்டு பக்கமும் கேட்டைப் பூட்டியிருந்தோம். எங்கள் டிரைவர் சஜித் ஓட்டினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கருவியைக் கவனித்தேன். சுற்றுக்குச் சுற்று வேகத்தைக் கூட்ட வேண்டும். போதும் என்பதற்கு இங்கே ‘மதி’. பக்கத்தில் இருப்பவன் அதைச் சொன்னால் ஓட்டுகிறவன் நிறுத்தியே ஆக வேண்டும், கேள்வி கிடையாது. வளைவில் காரின் பின்பக்கம் லேசாக வழுக்கும், தானே சுதாரித்துக்கொள்ளும். இந்த வண்டியின் ஆபத்தே அது ஓட்டுகிறவனுக்குக் கொடுக்கும் இந்தத் தைரியம்தான். பிரேக் பிடிக்கும்போது இதுவும் எல்லாக் காரையும் போலத்தான்.

கடைசிச் சுற்று. வளைவுக்கு மேலே சரிவில் தெளிவாக வழிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, நுரையும் சருகுமாக வந்தது. எங்கள் ஊர் ஓடை எப்போதும் வெறும் மணல்தான். அதில்தான் ஆடு ஓட்டுவோம். எங்கோ பெய்த மழைக்கு, கலங்கல் தண்ணீர் சருகைத் தள்ளிக்கொண்டு வந்தால், ஆட்டை விட்டுவிட்டுக் கரையேறச் சொல்வார் அப்பா. பின்னாலேயே வெள்ளம் வரும். மலையில் என்றால் மண்ணும் சேர்ந்து சரிந்து வரும்.

“மதி, சஜித். நிறுத்து.”

நிறுத்திவிட்டுச் சிரித்தான். “எந்தரண்ணா, பேடிச்சோ? ஒரு ரவுண்டு கூடியே உள்ளு. மழ கண்டிட்டில்லாத்த ஆளல்லே!”

ஒரே சுற்றுதானே பாக்கி, மழையே பார்க்காத ஆள் பயந்துவிட்டாயா என்று கேலி. “பயம்தான்” என்றேன். ஓடையை விளக்க என் மலையாளம் போதவில்லை.

காத்திருந்தோம். மண் சரியவில்லை. மழை விட்டது, தண்ணீரும் தெளிந்தது. போதும் என்று சொல்கிறவனுக்கு இதுதான் சங்கடம்: சொன்னது சரி என்று காட்ட வழியே இல்லை. அவமானமாக இருந்தது. வித்துராவில் சஜித் சாயாவை ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்த்தபோது நிம்மதியாகவும் இருந்தது.

மேனேஜர் கோபப்படவில்லை. அன்பாகத்தான் சொன்னார்: “உங்க நாட்டிலேயே, விளாத்திகுளம் பக்கம், நம்ம புது டெஸ்ட் ட்ராக் வருது. அவிட மலையும் இல்லா, மழையும் இல்லா. லாரியில வெள்ளம் கொண்டுவந்து ரோட்ட நனைச்சா மதி. நிங்களுக்கு அதுதான் நல்லது, கேட்டோ.” வெள்ளம் என்றால் இங்கே வெறும் தண்ணீர். வேலை நிரந்தரம்தான், இடம்தான் இதுவல்ல.

அப்பாவுக்கு போன் செய்தேன். “ஊருக்கே வாரியாய்யா?” என்று குரல் தழுதழுத்தது. என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

“ரோட்டுக்கா தண்ணி ஊத்துவாக?” என்றார். “நம்ம தெருவுக்குத் தண்ணி லாரி வந்தே ரொம்ப நாளாச்சேய்யா.”

பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். மாடிக் குழாயிலிருந்து மழைத் தண்ணீர் யாருக்கும் வேண்டாமல் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தது. ட்ராக்குக்குப் போகும் லாரி எங்கள் தெருமுனை வழியாகத்தான் போக வேண்டும். அப்பா குடத்தோடு கைகாட்டுவார். டிரைவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.